கிறித்துப் பிறப்பு விழா முன்பனிக்கு வந்த வரலாறு

(எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மார்கழியாகிய சிலைத் திங்கள் பிறந்துவிட்டால், இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையுள்ள கடலோரத் தெருக்களில் இருவகை விளக்குகளைக் காணலாம். ஒரு வீட்டு வாயிலில் கோலத்தின் அருகே அகல் எரியும்; அடுத்த வீட்டுக் கூரையில் தாளால் செய்த விண்மீன் விளக்குத் தொங்கும். வைகறையில் திருவொற்றியூர்ச் சிவன் கோயிலில் திருவெம்பாவை கேட்கும்; திசம்பர் 24ஆம் நாள் நள்ளிரவில் இராயபுரத்து இராயப்பர் கோயில் மணி கேட்கும். மேலையாசியாவில் தோன்றி, ஐரோப்பாவில் வளர்ந்து, தமிழ்க் கடற்கரையை வந்தடைந்த இயேசு பெருமானின் பிறப்பு விழா, ஆண்டின் பன்னிரு திங்களுள் இக்குளிர்ப் பருவத்தையே இடமாகக் கொண்டது எவ்வாறு? இதுவே இவ்வுரையின் பொருள்.

ஆண்டுதோறும் இக்காலத்தில் இரு கூற்றுகள் மோதுகின்றன. திசம்பர் 25 இயேசு பிறந்த நாள் என்று மறைநூலே கூறுகிறது என்பார் ஒருசாரார். அது பிற சமயத்தாரின் விழாவைத் திருடி வைத்த நாள் என்பார் மற்றொரு சாரார். தமிழ்ப்பற்றுடையாருள்ளும் சிலர் இரண்டாவது கூற்றை மேடைதோறும் முழங்குகின்றனர். அண்டை வீட்டார் விளக்கேற்றும் நாளைப் பற்றிப் பேசுவோர் சான்றோடு பேசுதல் வேண்டும். ஆகலின் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காண்பது நன்று.

மறைநூல் நாள் குறிக்கவில்லை

இயேசுவின் வரலாறு கூறும் நற்செய்தி நூல்கள் நான்கு. அவற்றுள் மத்தேயு, இலூக்கா ஆகியோர் எழுதிய இரண்டே அவர்தம் பிறப்பை விரித்துரைக்கின்றன. அவ்விரண்டிலும் நாளும் இல்லை, திங்களும் இல்லை. இடையர் இரவில் வெட்டவெளியில் தங்கித் தம் மந்தையைக் காத்தனர் என்று இலூக்கா கூறுகிறார். அதனைக்கொண்டு, அது குளிர்காலமாய் இருத்தல் இயலாது என்று சிலர் முடிவு கட்டுவர். அவ்வொரு குறிப்பைக்கொண்டு பருவத்தை உறுதிப்படுத்தல் பொருந்தாது. ஆடு மேய்ப்போர் எல்லாப் பருவத்திலும் ஆட்டோடு இருப்பவரே.

தொடக்கக் காலக் கிறித்தவர் பெரிதாகப் போற்றியது இயேசுவின் பிறப்பையன்று. அவர் உயிர்த்தெழுந்ததையே ஆகும். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிகன் என்னும் பேரறிஞர், மறைநூலில் தம் பிறந்தநாளைக் கொண்டாடியவர் பாரவோன், ஏரோது போன்ற தீயோரே என்று சுட்டிக்காட்டினார். அவருக்குச் சற்று முன்னர், கி.பி. 200ஐ ஒட்டி, எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் இருந்த கிளமெண்டு என்பார், இயேசுவின் பிறந்தநாளைக் கணிக்க முயன்றோர் கூறிய நாள்களைத் தொகுத்துத் தந்துள்ளார். அவற்றுள் ஏப்பிரல் நாள் உண்டு. மே நாள் உண்டு. திசம்பர் 25 இல்லை. இயேசு மறைந்து நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும், கற்றறிந்த கிறித்தவர் ஒருவருக்கு அந்நாள் பிறப்பு நாளாகத் தெரிந்திருக்கவில்லை என்பது இதனால் விளங்கும். முதற் கூற்று இத்துடன் வீழ்ந்தது.

உரோமையின் ஞாயிறு

இனி இரண்டாவது கூற்று. கி.மு. 45இல் யூலியசு சீசர் வகுத்த நாட்காட்டி உரோமைப் பேரரசில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உரோமையர் மார்ச்சு 25ஐப் பகலும் இரவும் ஒத்த நாளாகவும், திசம்பர் 25ஐப் பகல் மிகச் சுருங்கிய நாளாகவும் கொண்டனர். தென்செலவு சென்ற ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்பும் நாள் அது. கதிர்த் திருப்பம் எனலாம்.

பேரரசன் அவுரேலியன் கி.பி. 274இல் 'வெல்லப்படாத ஞாயிறு' என்னும் கடவுளுக்கு உரோமை நகரில் பெருங்கோயில் எடுத்தான். கி.பி. 354இல் தொகுக்கப்பெற்ற ஒரு நாட்குறிப்பு நூல், திசம்பர் 25ஐ 'வெல்லப்படாதவனின் பிறந்தநாள்' என்று குறித்து, அன்று முப்பது தேரோட்டப் பந்தயங்கள் நிகழும் என்றும் கூறுகிறது. அதே தொகுப்பில், திருச்சபையார் நினைவுகூர வேண்டிய நாள்களின் பட்டியல் ஒன்றும் உள்ளது. கி.பி. 336ஐ ஒட்டி உருவானதாகக் கருதப்படும் அப்பட்டியலின் தலைப்பில், திசம்பர் 25 கிறித்து பெத்லகேமில் பிறந்த நாள் என்று காணப்படுகிறது. ஒரே நூற்கட்டில் ஞாயிற்றின் பிறப்பும் உண்டு. கிறித்துவின் பிறப்பும் உண்டு. இவ்விழா திசம்பர் 25இல் நிலைபெற்றமைக்கு ஐயமற்ற முதற்சான்று இதுவேயாம்.

இங்கிருந்தே அறிஞர் இரு வழியாகப் பிரிகின்றனர். ஞாயிற்று விழாவில் திளைத்திருந்த மக்களைத் தம்பால் திருப்பத் திருச்சபையார் அந்நாளையே மேற்கொண்டனர் என்பது ஒரு விளக்கம். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிரிய மொழி நூலொன்றின் ஓரத்தில் யாரோ எழுதிவைத்த குறிப்பும் இவ்வாறே கூறுகிறது. ஆனால் அது நிகழ்ச்சிக்குப் பன்னூறு ஆண்டு பிற்பட்டது.

மற்றொரு விளக்கம் கணக்கு வழிப்பட்டது. 1889இல் துசேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை விரித்தெழுதினார். இயேசு சிலுவையில் உயிர்நீத்த நாள் மார்ச்சு 25 என்று மேலைக் கிறித்தவர் கி.பி. 200ஐ ஒட்டியே கணித்திருந்தனர். அவர் தாய் வயிற்றில் கருவாய் அமைந்த நாளும் அதுவே என்னும் நம்பிக்கை அவர்களிடையே எழுந்தது. மார்ச்சு 25உடன் ஒன்பது திங்கள் கூட்டினால் திசம்பர் 25 வரும். கீழைநாட்டாருள் சிலர் ஏப்பிரல் 6ஐ உயிர்நீத்த நாளாகக் கொண்டனர். அதனுடன் ஒன்பது திங்கள் கூட்டினால் சனவரி 6 வரும். கீழைத் திருச்சபைகள் பல முற்காலத்தில் சனவரி 6ஐயே பிறப்பு நாளாகக் கொண்டிருந்தமை இவ்விளக்கத்துக்கு வலிமை தருகிறது.

இவ்விரண்டனுள் எது உண்மை என்பதில் ஆய்வாளர் இன்றும் ஒரு முடிபுக்கு வரவில்லை. 'திருடினர்' என்று முழங்குவோர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். திசம்பர் 25இல் ஞாயிற்று விழா நிகழ்ந்தமைக்குக் கிடைக்கும் தெளிவான சான்றும் அந்த 354ஆம் ஆண்டு நூலே. எது முந்தியது, எது பிந்தியது என்று காட்ட அந்நூல் உதவாது. சாட்டர்னு என்னும் கடவுளுக்கு உரோமையர் எடுத்த விழாவையும் சிலர் இதனோடு இணைத்துப் பேசுவர். அவ்விழா திசம்பர் 17இல் தொடங்கி 23இல் முடிந்துவிடும்.

ஆயினும் இரு விளக்கங்களும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. மார்ச்சு 25 உரோமை நாட்காட்டியில் பகலிரவு ஒத்த நாள். திசம்பர் 25 கதிர் திரும்பும் நாள். நேரே ஞாயிற்று விழாவிலிருந்து வந்தாலும், கணக்கின் வழியே வந்தாலும், இவ்விழாவின் நாளை முடிவு செய்தது ஞாயிற்றின் செலவே. மறைநூல் கூறாது விட்ட இடத்தை வானம் நிரப்பிற்று.

இராயப்பர் கோயிற் படிகள்

இவ்வுண்மையை அக்காலக் கிறித்தவப் பெரியோர் மறைக்கவில்லை, வெளிப்படையாகவே பேசினர். கி.பி. 400ஐ ஒட்டி வாழ்ந்த ஆயர் அகுசுத்தீன், பகல் மிகக் குறுகி மீண்டும் வளரத் தொடங்கும் நாளில் கிறித்து பிறந்தார் என்று தம் உரைகளில் பொருள் விரித்தார். அவருக்கு முன்னோடியான திருமுழுக்கு யோவானின் பிறந்தநாள் சூன் 24. அன்று தொட்டுப் பகல் குறையும். முன்னவர் குறைய, பின்னவர் வளர வேண்டும் என்னும் கருத்துக்கு வானமே விளக்கம் ஆயிற்று.

கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் இடையில் திருத்தந்தையாக இருந்த முதலாம் இலியோ, தம் பிறப்பு விழா உரையொன்றில் மக்களைக் கடிந்துரைத்துள்ளார். உரோமை நகரத்துப் பேதுரு கோயிலின் படிகளில் ஏறிவரும் கிறித்தவர் சிலர், உள்ளே நுழையுமுன் திரும்பி நின்று, எழும் ஞாயிற்றைத் தலைவணங்கிவிட்டுச் சென்றனராம். அப்பழக்கத்தை விடுமாறு அவர் வற்புறுத்தினார். பேதுருவுக்குத் தமிழ்க் கிறித்தவர் இட்ட பெயர் இராயப்பர். இராயபுரத்திற்குப் பெயர் தந்த இராயப்பரே அவர். சமயம் மாறிய பின்னும் மக்கள் தம் முன்னோர் வணங்கிய ஞாயிற்றை எளிதில் மறந்துவிடவில்லை என்பதற்கு அப்படிகளே சான்று.

அரண்மனைக்காரன் தெரு கூறும் செய்தி

உரோமையில் நிலைத்த திசம்பர் 25 பிற நாடுகளுக்கு மெல்லவே பரவிற்று. அந்தியோக்கியா நகரில் கி.பி. 386இல் மறையுரை ஆற்றிய யோவான் கிறிசோத்தோம், இந்நாள் தம் ஊரார்க்குத் தெரியவந்து பத்தாண்டும் ஆகவில்லை என்று குறிப்பிட்டார். அர்மீனியர் மட்டும் இறுதிவரை இணங்கவில்லை. இயேசுவின் பிறப்பையும் திருமுழுக்கையும் சேர்த்துச் சனவரி 6இல் கொண்டாடுவதே அவர் திருச்சபையின் இன்றைய வழக்கமும் ஆகும்.

அவ்வர்மீனியர் சென்னைக்கும் வந்தவரே. கடல்வழி வாணிகம் செய்து செல்வம் ஈட்டிய அவர்கள், 1772இல் எழுப்பிய கோயில் இன்றும் நிற்கிறது. உலகின் முதல் அர்மீனிய மொழி இதழாகிய 'அசுதரார்' 1794இல் வெளிவந்தது சென்னையிலிருந்துதான். அக்கோயில் நிற்கும் தெரு அர்மீனியர் தெரு. மக்கள் நாவில் அது அரண்மனைக்காரன் தெரு ஆயிற்று. அத்தெருவில் அரண்மனையும் இல்லை; அரண்மனைக்காரனும் இல்லை. விளங்காத அயற்சொல்லை மக்கள் தமக்கு விளங்கும் சொல்லாக்கிக் கொண்டனர். ஒரு மக்களினத்தின் பெயர் ஒரு சொல்லுக்குள் மறைந்துபோனதும் அவ்வாறே.

உருசிய நாட்டார் சனவரி 7இல் கொண்டாடுவது வேறு வகை. அவர் கொள்வதும் திசம்பர் 25ஏ, நாட்காட்டிதான் பழையது. சீசரின் ஆண்டு உண்மை ஆண்டைவிட ஏறத்தாழப் பதினொரு மணித்துளி மிகுந்தது. 128 ஆண்டுகளில் அது ஒரு நாளாகத் திரளும். திருத்தந்தை பதின்மூன்றாம் கிரெகோரி 1582இல் பத்து நாள்களை நீக்கி, அக்தோபர் 4க்கு மறுநாளை அக்தோபர் 15 ஆக்கினார். ஆங்கிலேயர் 1752இல்தான் அதனை ஏற்றனர். கிரெகோரி தம் கணக்கைச் சீசர் காலத்திற்கு மீட்கவில்லை, கி.பி. 325இல் கூடிய நீக்கேயா மன்றத்தின் காலத்திற்கே மீட்டார். ஆகவேதான் இன்று கதிர்த் திருப்பம் திசம்பர் 21 அல்லது 22இல் நிகழ, விழா மட்டும் 25இல் நிற்கிறது. விழாவைப் பெற்றெடுத்த வான்நிகழ்ச்சி நழுவிப்போயிற்று, விழா நழுவவில்லை.

நாள் மறைநூலில் இல்லை என்பதை முன்னிட்டு, இவ்விழாவையே வெறுத்த கிறித்தவரும் இருந்தனர். 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் இதனை விலக்கிற்று. 1660இல் மன்னராட்சி மீண்டதும் விழாவும் மீண்டது.

நெட்டுக்குப்பத்து வானம்

ஒளி மீண்டதென்று உரோமையர் ஏன் அத்துணை மகிழ்ந்தனர்? அவர் நாடு வடக்கே மிகத் தள்ளி இருக்கிறது. திசம்பர் இறுதியில் உரோமையில் பகற்பொழுது ஏறத்தாழ ஒன்பது மணி நேரமே. சூன் திங்களில் அது பதினைந்து மணி நேரத்தைத் தாண்டும். ஆறு மணி நேர ஒளியை இழந்து இருளிலும் குளிரிலும் ஒடுங்கிய மக்கள், ஞாயிறு திரும்பிய நாளை மறுபிறப்பாகக் கொண்டதில் வியப்பில்லை.

நெட்டுக்குப்பத்தில் மிகக் குறுகிய பகலும் 11 மணி 20 மணித்துளி அளவு இருக்கும். மிக நீண்ட பகலுக்கும் அதற்கும் உள்ள வேற்றுமை ஒன்றரை மணி நேரமே. ஆயினும் கடலோடிகள் கண்ணுக்கு இத்திருப்பம் தப்பாது. ஞாயிறு நேரே கடலிலிருந்து எழும் ஊர் இது. சூன் இறுதியில் நேர்கிழக்கிற்கு வடக்கே 24 பாகை தள்ளி எழும் ஞாயிறு, நாளுக்கு நாள் தெற்கே நகர்ந்து, திசம்பர் 21ஐ ஒட்டி நேர்கிழக்கிற்குத் தெற்கே 24 பாகையில் எழும். அங்கே சில நாள் நகராது நிற்பதுபோல் தோன்றிப் பின் வடக்கே திரும்பும்.

இக்கரையின் குளிர்காலம் வெண்பனி பொழியும் காலமும் அன்று. தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, மார்கழியையும் தையையும் முன்பனி என்றனர். அதற்கு முந்தியது கூதிர். வாடையும் மழையும் புயலும் அதனுடையவை. கொற்றலை எனப்பெறும் கொசத்தலையாறு கடலொடு கலக்கும் இக்கழிமுகத்து மக்களுக்குத் திசம்பர் என்றால் நினைவுக்கு வருவன வேறு. 2004இல் பிறப்பு விழாவின் மறுநாள் காலையில் ஆழிப்பேரலை வந்தது. 2023 திசம்பர்த் தொடக்கத்தில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் இறங்கி வந்து, கழியையும் படகையும் வலையையும் கருக்கியது. மீன்பிடி தொழில் முடங்கிற்று. அதே திங்கள் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தருகே உர ஆலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, மக்கள் மூச்சுத் திணறி வீடு விட்டு ஓடினர். இத்தகைய கரையில் வாழ்வோர், பஞ்சைப் பிய்த்துக் கூரையில் ஒட்டி வெண்பனி என்று காட்டுவது யாருடைய குளிர்காலம்? ஐரோப்பாவின் வடபகுதிக் குளிர்காலம் அது. ஆசுத்திரேலியாவில் குடியேறிய தமிழர் இவ்விழாவைக் கொண்டாடும்போது அங்கே கடுங்கோடை. விழாவுக்கும் வெண்பனிக்கும் தொடர்பில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

தையும் நழுவியது

பிறர் நாளை ஆராய்வோர் தம் நாளையும் ஆராய்தல் கடன். ஞாயிறு வடக்கே திரும்பும் நாள் தை முதல்நாள், அதாவது சுறவம் முதல்நாள் என்று பலரும் பேசுகின்றனர். இன்று அது வான்நிலைக்கு ஒத்ததன்று. ஞாயிறு திரும்புவது திசம்பர் 21 அல்லது 22, அதாவது மார்கழி ஆறாம் நாளை ஒட்டி. தை பிறப்பதோ சனவரி 14 அல்லது 15. இடையே 24 நாள் வேறுபாடு உள்ளது.

காரணம் எளிது. தமிழர் ஆண்டு விண்மீனை எல்லையாகக் கொண்டது. ஞாயிறு ஒரு விண்மீன் கூட்டத்தை விட்டு மீண்டும் அதனை அடையும் காலம், பருவங்கள் ஒருமுறை சுழன்று வரும் காலத்தைவிட ஏறத்தாழ இருபது மணித்துளி மிகுதி. எழுபத்திரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்னும் அளவில் அது திரண்டு வரும். பின்னோக்கிக் கணித்தால், ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்னர், கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், தை முதல்நாளும் கதிர்த் திருப்பமும் ஒன்றாக இருந்தன. அவுரேலியன் உரோமையில் ஞாயிற்றுக்குக் கோயில் எடுத்த காலமும் அதுவே.

இதனைக்கொண்டு, உரோமையர் தமிழரிடமிருந்து விழாவைப் பெற்றனர் என்று எவரும் புறப்பட்டுவிடல் ஆகாது. அதற்குச் சான்று இல்லை. ஒரே ஞாயிற்றை இரு நிலத்தார் நோக்கினர்; இருவரும் அதன் திருப்பத்தைக் குறித்தனர்; இருவர் கணக்கும் காலப்போக்கில் வெவ்வேறு வழியில் நழுவிற்று. சான்று காட்டுவது இவ்வளவே.

2008இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தை முதல்நாளைத் தமிழ்ப் புத்தாண்டாக்கிச் சட்டம் செய்தது. 2011இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. தைக்காக வழக்காடுவோர் அறுவடையைக் காட்டலாம். மக்கள் மரபைக் காட்டலாம். தைந்நீராடலைப் பாடிய சங்கப் புலவரைக் காட்டலாம். ஞாயிறு அன்றுதான் திரும்புகிறது என்று மட்டும் கூறல் ஆகாது. பொய்யான ஒரு காரணத்தைச் சேர்த்துக் கூறினால், மெய்யான காரணங்களும் மதிப்பிழக்கும். மாற்றார் முதலில் பற்றுவது அப்பொய்யைத்தான்.

கொள்ளத்தக்கது

திசம்பர் 25இல் இயேசு பிறந்தார் என்று காட்ட இயலாது என்பதனால் கிறித்தவ அன்பர் எதையும் இழக்கப் போவதில்லை. அவர் பற்று அவர்தம் அறவுரையிலும் வாழ்விலும் நிற்பது, நாட்காட்டியில் நிற்பதன்று. திருவிழா என்பது மக்கள் ஒருங்கு கூடும் பொருட்டு வகுத்துக்கொண்ட நாள். தைக்கும் இது பொருந்தும்.

ஒரு சமயம் ஒரு நிலத்தில் வேரூன்றும்போது அந்நிலத்தின் வானத்தையும் மொழியையும் தழுவிக்கொள்கிறது. உரோமையில் அது ஞாயிற்றைத் தழுவிற்று. தமிழகத்திலோ, பேதுருவை இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும் அழைத்தது. வீரமாமுனிவர் தேம்பாவணியில் யோசேப்பை வளன் ஆக்கி, யூதேயா நாட்டையே தமிழ்நிலம்போல் வயலும் வாவியுமாகப் பாடினார். இம்மண்ணில் அச்சமயம் கொண்ட வழி அது. பஞ்சுப் பனியும் நெகிழிப் பைன்மரமும் அவ்வழியினின்று விலகியவை. பெத்லகேமுக்கும் அவை உரியவல்ல, நெட்டுக்குப்பத்துக்கும் உரியவல்ல. மூங்கிற் சிம்பும் வண்ணத்தாளும் கொண்டு இக்குப்பத்துச் சிறுவர் தம் கையால் கட்டும் விண்மீன் விளக்கே இவ்விழாவுக்கும் இக்கரைக்கும் பொருந்தியது.

இளைஞர்க்கு ஒரு சொல். நெடுநல்வாடை, மனைநூல் வல்லார் இரு கோல் நட்டு, அவற்றின் நிழல்கொண்டு திசையறிந்து அரண்மனைக்கு இடம் வகுத்த செய்தியைக் கூறுகிறது. அம்முன்னோர் செய்ததைச் செய்து பாருங்கள். இம்மணலில் பத்துச் சாண் நீளக் கோல் ஒன்றை நேரே நட்டு, நாள்தோறும் உச்சிப்பொழுதில் அதன் நிழலை அளந்து எழுதி வாருங்கள். மார்கழி முதற்கிழமையில் நிழல் ஏழரைச் சாண் அளவுக்கு நீளும். அதன்பின் குறையத் தொடங்கும். தை பிறக்கும்போது அது குறைந்து மூன்று கிழமைக்கு மேலாகியிருக்கும். உரோமையரின் விழா எங்கிருந்து வந்தது, தமிழர் தை எவ்வளவு நழுவிற்று என்னும் இரண்டையும் அந்த ஒரு கோல் காட்டிவிடும். கண்டறிந்த பின் பேசுங்கள். விண்மீன் விளக்கு ஏற்றும் வீட்டாரோடும் அகல் ஏற்றும் வீட்டாரோடும் அதனைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

வாழிய நலம்!